கரையில் ஐயம், கடலில் துணிவு

ஒரு பொருளை நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டா? இக்கேள்வி முதலில் வியப்பைத் தரும். நம்பிக்கை அவரவர் உள்ளத்தின் உடைமை. அதில் உரிமை என்ன, கடமை என்ன என்று கேட்கத் தோன்றும். அன்பைப் போல நம்பிக்கையும் தானே தோன்றித் தானே நிற்பது என்பது பலருடைய எண்ணம். ஆயினும் நம்புகிறவன் ஒருவனாகவும், அந்த நம்பிக்கையின் விளைவைச் சுமப்பவன் வேறொருவனாகவும் இருக்கும்போது இக்கேள்வி வேறு உருக் கொள்கிறது. இதனை ஆராய்வதற்குப் பெரிய நூல்களைத் தேடிப் போகுமுன், ஒரு சிறு படகின் அருகே சற்று நின்று பார்க்கலாம்.

மோட்டார் வண்டியின் பின்னால் டிரெய்லரில் ஏற்றி இழுத்துச் செல்லத்தக்க சிறிய பாய்மரப் படகுகள் இன்று உலகின் பல கரைகளிலும் உள்ளன. துறைமுகத்தில் இடம் தேடும் செலவு அவற்றுக்கு இல்லை. வீட்டு முற்றமே அவற்றின் துறைமுகம். விடுமுறை நாளில் கடற்கரைக்குக் கொண்டு சென்று, மரத்தை நிறுத்திப் பாயைக் கட்டி நீரில் இறக்குவர். மாலையில் மீண்டும் வண்டியில் ஏற்றி இல்லம் திரும்புவர்.

இவ்வகைப் படகுகளுள் பெயர் பெற்றது 'மிரர்' என்பது. 1962ஆம் ஆண்டில் ஜாக் ஹோல்ட் என்னும் படகு வல்லுநரும், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலைகளைக் கற்பித்துப் புகழ் பெற்ற பாரி பக்னெல் என்பவரும் இதனை இங்கிலாந்தில் வடிவமைத்தனர். 'டெய்லி மிரர்' நாளேடு இதற்கு ஆதரவளித்தமையால் அப்பெயர் வந்தது. நீளம் 10 அடி 10 அங்குலம். உடற்பகுதியின் எடை ஏறத்தாழ 45 கிலோ. சாதாரண வருவாயுள்ள குடும்பமும் தன் கையாலேயே கட்டிக் கொள்ள வேண்டும் என்பது வடிவமைத்தோர் நோக்கம். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையல்மீது கண்ணாடியிழை நாடாவை வைத்துப் பிசின் பூசி இறுக்குவதே இதன் கட்டுமான முறை. இவ்வாறு கட்டப்பட்டவை 70,000க்கும் மேற்பட்டன.

தைத்துக் கட்டிய படகு தமிழருக்குப் புதியதன்று. சென்னையில் துறைமுகம் எழுமுன், கப்பலில் வந்த பயணிகளையும் பண்டங்களையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். ஆணி அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து அவற்றைக் கட்டினர். அலை மோதும்போது உடல் நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் பிளவுபடாது. ஆனால், அந்த நெகிழ்ச்சிக்கு ஒரு விலை இருந்தது. கயிறு தேயும், தேய்ந்த தையலை அவிழ்த்து மீண்டும் தைக்க வேண்டும். படகைக் கட்டி முடித்த நாள் என ஒன்று அப்படகோட்டிகளுக்கு இருந்ததே இல்லை எனலாம். கட்டுவதும் காப்பதும் அவர்களுக்கு ஒரே தொழிலின் இரு கூறுகளாக இருந்தன.

படகைக் காப்பது என்றால் என்ன? முதலில் அதன் பகைவர்களை அறிதல் வேண்டும். கடல்நீரே மரத்தை அழிக்கும் என்று பலரும் எண்ணுவர். உண்மையில் மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சணத்துக்கு உகந்தது மழைநீர். அது மூலைகளிலும் மூடிய அறைகளிலும் தேங்கிக் காற்றோட்டமின்றிக் கிடக்கும் இடத்தில்தான் மரம் மெல்ல மெல்ல உளுத்துப் போகிறது. 'மிரர்' போன்ற படகுகளில் கவிழ்ந்தாலும் மூழ்காதிருக்க மூடிய காற்றறைகள் உண்டு. கரைக்கு வந்ததும் அவற்றின் அடைப்பான்களைத் திறந்து வைத்தால் காற்று புகும். மறந்தால் உள்ளே ஈரம் தங்கும். பின்னர்க் கடலுக்குப் போகும்போது அவற்றை மூட வேண்டும்; மறந்தால் உயிர் காக்கும் அறையே நீர்த்தொட்டியாகிவிடும்.

பாயை அழிப்பது வெயில். துணிக்கு முன்னே அதன் தையல்நூல் நைந்து போகும். பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத எஃகு வடங்கள் பெயருக்கேற்ப எப்போதும் பளபளப்பாகவே தோன்றும். ஆனால், வடத்தின் நுனி பொருத்துக்குள் நுழையும் இடத்தில், காற்றுப் படாத இடுக்கில், உப்புநீர் தங்கி அரிப்பு நிகழும். வெளியே ஒளி, உள்ளே அழிவு. ஒருநாள் பலத்த காற்றில் வடம் அறுந்து மரம் சாயும்போதுதான் அது புலப்படும்.

வண்டிக்கும் இதே கதைதான். நெடுந்தூரம் ஓடி வந்த சக்கரத்தின் குடம் சூடாக இருக்கும். வந்த வேகத்திலேயே அதனைக் கடல்நீரில் இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அவ்விடத்தை நிரப்ப உப்புநீர் உள்ளே இழுக்கப்படும். சில திங்களுக்குப் பின், நெடுஞ்சாலையின் நடுவே சக்கரத்தின் உருளைகள் இறுகி நிற்கும். கரையில் கால்மணி நேரம் பொறுத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடிய கேடு அது.

இவை யாவும் ஒரு பண்பில் ஒன்றுபடுகின்றன. கேடு தொடங்கும் இடம் கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடுகிறவனுக்கே அது தெரியும். தேடாதவனுக்குப் படகு எப்போதும் நல்ல படகே. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் கண்ணை மட்டும் நம்புவதில்லை. திருப்புளியின் கைப்பிடியால் பலகையைத் தட்டி ஓசையைக் கேட்பர். நல்ல மரம் 'கணீர்' என்னும். உளுத்த மரம் மந்தமாய் ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூர்முனையால் அழுத்திப் பார்ப்பர். அழுத்தினால் வண்ணம் கெடுமே என்று அஞ்சுபவன் உண்மையை அறியமாட்டான்.

இப்போது ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறையில் படகோட்டம் என்று வாக்களித்திருக்கிறார். புறப்படுவதற்கு முதல்நாள் மாலை, சுக்கான் பொருத்தப்பட்டிருக்கும் பின்பலகையில் கட்டைவிரல் சற்று அமுங்குவதை உணர்கிறார். பெரிதாக ஒன்றுமில்லை; ஒரு சிறு மென்மை. பலகையை அறுத்துப் புதிதாக வைக்க வேண்டுமானால் இரு வாரம் ஆகும். பிள்ளைகளோ பைகளைக் கட்டி வைத்துவிட்டனர். அப்போது அவர் உள்ளம் தனக்குத்தானே பேசத் தொடங்குகிறது. "போன ஆண்டும் இப்படித்தான் இருந்தது போலும். கடல் அமைதியாக இருக்கும் காலமிது. கரையோரமாகத்தானே போகப் போகிறோம். கட்டியவன் கெட்டிக்காரன்." இவ்வாறு பேசிப் பேசி, இரவு உறங்கப் போகுமுன் படகு நன்றாகவே இருக்கிறது என்று அவர் உண்மையாகவே நம்பிவிடுகிறார். மறுநாள் அனைவரும் கடலுக்குச் சென்று மகிழ்வுடன் திரும்புகின்றனர். ஒரு தீங்கும் நிகழவில்லை.

அவர் செய்தது குற்றமா?

இவ்வினாவை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டவர் ஒருவர் உண்டு. வில்லியம் கிளிஃபோர்டு இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராய் விளங்கியவர். 1877ஆம் ஆண்டில் நம்பிக்கையின் அறநெறியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்குகிறது. புலம்பெயரும் மக்களை ஏற்றிச் செல்லும் கப்பல் அது, பழையது, பலமுறை பழுது பார்க்கப்பட்டது. முதலாளிக்கு ஐயம் எழுகிறது. செலவு மிகும் என்பதால் அந்த ஐயத்தை அவர் மெல்ல மெல்ல அடக்குகிறார். இத்தனை முறை பத்திரமாய்த் திரும்பிய கப்பல் என்றும், இறைவன் காப்பான் என்றும், கட்டியவர்களைச் சந்தேகிப்பது தகாது என்றும் எண்ணி எண்ணி மனநிறைவு பெறுகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் காப்புறுதிப் பணத்தைப் பெற்றுக் கொள்கிறார்.

அவர் குற்றவாளி என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால், கிளிஃபோர்டு அங்கே நிற்கவில்லை. கப்பல் மூழ்காமல் பத்திரமாய்ச் சென்று சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் அணுவளவும் குறையாது என்றார். அவர் நம்பியது உண்மையா பொய்யா என்பதன்று கேள்வி. தம் முன் இருந்த சான்றுகளைக் கொண்டு அவ்வாறு நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதே கேள்வி.

இஃது ஏட்டளவில் நின்ற கதையன்று. அக்காலத்தில் பழுதுற்ற கப்பல்களில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி அனுப்பும் வழக்கம் இருந்தது. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றே அழைத்தனர். நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சாமுவேல் பிளிம்சால் இக்கொடுமையை எதிர்த்து 1873இல் நூல் எழுதினார், ஓயாமல் போராடினார். அதன் பயனாக 1876இல் சட்டம் பிறந்தது. கப்பலின் பக்கத்தில் சுமையின் எல்லையைக் காட்டும் கோட்டுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. பிறர் உயிரைத் தன் நம்பிக்கையால் எடைபோடும் உரிமை முதலாளிக்கு இல்லை என்பதை உலகம் ஒரு கோடாகவே வரைந்து வைத்தது.

எனவே நம் கற்பனைத் தந்தையும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. பிள்ளைகள் பத்திரமாய்த் திரும்பியது கடல் செய்த தயவு. அவர் செய்த நன்மையன்று. இங்கே வள்ளுவத்தை நினைவு கூர்வது பொருந்தும். ஊழின் வலிமையைக் கூற ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். அரசியலில் பொச்சாவாமை என்னும் அதிகாரத்தையும் வைத்தார். பொச்சாவாமையாவது மறவாமை, சோர்வின்மை. மகிழ்ச்சியின் மிகுதியில் வரும் மறதியையே அங்கு அவர் கடிந்துரைக்கிறார் என்பது எண்ணத்தக்கது. துன்பத்தில் இருப்பவன் விழிப்போடு இருப்பான். பைகளைக் கட்டிவைத்து விடிவதற்காகக் காத்திருக்கும் பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு நடுவேதான் கட்டைவிரலின் கீழ் அமுங்கிய பலகை மறந்து போகிறது.

ஆயினும் இங்கு ஒரு தடை எழலாம். ஐயப்பட்டுக் கொண்டே இருந்தால் எவன்தான் கடலுக்குப் போவான்? எல்லாச் சான்றும் கிடைத்த பின்னரே நம்ப வேண்டுமென்றால் வாழ்க்கை நடவாது. அமெரிக்க அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1896இல் கிளிஃபோர்டை மறுத்து இவ்வழியில்தான் வாதிட்டார். வாழ்வின் சில கட்டங்களில் சான்றுக்காகக் காத்திருக்க முடியாது. அங்கே நம்பத் துணிவதே வெற்றிக்கு வழியாகும் என்பது அவர் கருத்து.

இத்தடையில் உண்மை உண்டு. ஆண்டுதோறும் படகைச் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் ஆணியை மாற்றுவதுமாகவே காலத்தைக் கழித்து, ஒருமுறையும் பாய் விரிக்காதவனைப் பொறுப்புள்ளவன் என்று எவரும் போற்றமாட்டார். அவனுடைய கவனம் கடமையின் உருவில் வந்த அச்சமே. முற்றத்தில் குறையின்றி நிற்கும் படகு, தான் பிறந்த பயனை அடையாத படகு.

அப்படியானால் கிளிஃபோர்டும் ஜேம்ஸும் கூறும் இரண்டையும் எவ்வாறு பொருத்துவது? படகோட்டியின் ஒரு நாளைக் கவனித்தால் விடை கிடைக்கும். ஐயத்துக்கு ஓர் இடமும் துணிவுக்கு ஓர் இடமும் உண்டு. ஐயத்தின் இடம் கரை. அங்கே நேரம் இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன, பயணத்தை ஒத்திவைக்கும் உரிமை இருக்கிறது. அங்கே ஒவ்வொரு வடத்தையும் வளையத்தையும் ஐயுற்று நோக்க வேண்டும். மரத்தை நிறுத்துமுன் தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். துணிவின் இடம் கடல். எதிர்பாராத காற்று பாய்ந்து வரும் கணத்தில், சுக்கானைப் பிடித்திருப்பவன் "இந்தப் பலகை தாங்குமா?" என்று கலங்குவதால் பயனில்லை. தன் படகையும் தன் கையையும் நம்பிச் செயற்படுவதே அப்போது செய்யத்தக்கது.

1963ஆம் ஆண்டில் ஃபிராங்க் டை என்பவர் 16 அடிக்கும் சற்றுக் குறைந்த 'வேஃபேரர்' வகைத் திறந்த படகில், ஒரு துணைவருடன் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்து வரை சென்றார். அதைத் துணிவு என்று உலகம் பாராட்டியது. கடலில் காட்டும் அத்தகைய துணிவு, கரையில் முடிக்கப்பட்ட ஐயத்தின் விளைவாக இருந்தால்தான் துணிவு என்னும் பெயருக்கு உரியதாகும். கரையில் ஐயுறாதவன் கடலில் காட்டுவது துணிவாகாது; அஃது அறியாமை. குற்றம் எங்கே பிறக்கிறது என்றால், கரையில் காட்ட வேண்டிய ஐயத்தை நம்பிக்கையால் மூடும்போது பிறக்கிறது.

கடலிலும் ஐயத்துக்கு ஒரு சிறு இடம் உண்டு என்பதையும் மறத்தலாகாது. காற்றின் வேகம் இருமடங்கானால் அது பாயின்மேல் செலுத்தும் விசை நான்கு மடங்காகும். ஆகவே பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் தோன்றும்போதே சுருக்கிவிட வேண்டும் என்பது மாலுமிகளின் பழம்பாடம். பிறகு சுருக்கலாம் என்று காத்திருப்பவனுக்கு அந்தப் பிறகு கிடைப்பதில்லை. மாற்றிக் கொள்ள வழியிருக்கும் வரை ஐயத்துக்குச் செவி கொடுக்க வேண்டும். வழியில்லாதபோது துணிவைப் பற்ற வேண்டும். கரை, கடல் என்ற வேறுபாட்டின் உட்பொருள் இதுவே.

இன்னொரு தடையும் கருதத்தக்கது. பலகையை மாற்றப் பொருள் இல்லாத ஏழை மீனவன் என்ன செய்வான்? அன்றைய மீன் அன்றைய சோறு என்னும் நிலையில் இருப்பவனிடம் கப்பல் முதலாளியை நோக்கிப் பேசும் மொழியில் பேசுவது முறையாகுமா? இங்கே ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். தன் படகின் குறையை அறிந்து, அதை உடன் வருபவனுக்கும் உரைத்து, கரையை விட்டு அகலாமல் தொழில் செய்கிறவன் ஆபத்தை ஏற்கிறான், எவரையும் ஏமாற்றவில்லை. கப்பல் முதலாளியோ பிறரை ஏமாற்றுமுன் தம்மையே ஏமாற்றிக் கொண்டார். வறுமை ஒருவனை ஓட்டைப் படகில் ஏற்றலாம். ஓட்டை இல்லை என்று அவனைச் சொல்ல வைப்பதில்லை. மற்றவர் அறிந்து ஏற்கும் ஆபத்து வேறு. மறைத்து அவர் தலையில் ஏற்றப்படும் ஆபத்து வேறு. பலகையைத் தட்டிப் பார்க்கத் தெரியாதவர்கள், அதாவது குழந்தைகளும் பயணிகளும் பழைய படகை விலைக்கு வாங்க வருபவர்களும், நம்மை எவ்வளவு நம்புகிறார்களோ அவ்வளவுக்கு நம் கடமை கனக்கிறது. உளுத்த மரத்தின்மேல் வண்ணம் பூசி விற்பவன் அந்த நம்பிக்கையையே விற்றுவிடுகிறான்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்தில் சிறு படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது மீனவர் வழக்கம். திரங்கானு ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள பூலாவ் டூயோங் படகு கட்டும் கலையில் நெடுங்காலமாகப் பெயர் பெற்ற இடம். அங்குள்ள மலாய்த் தச்சர்கள் செங்கால் மரப் பலகைகளை மரமுளைகளால் பிணைத்து, இடையிடையே கெலாம் மரத்தின் பட்டையை வைத்து நீர் புகாமல் இறுக்குவர். அப்பட்டை பலகைகளுக்கு நடுவே மறைந்துவிடும். வெளியே எவருக்கும் தெரியாது. பாராட்டும் பெறாது. ஆயினும் படகு மிதப்பது அதனால்தான். காணாத இடத்திலும் செம்மையாக வேலை செய்யும் கையே அறமறிந்த கை.

பழுது பார்த்தலின் அறம் கடற்கரையோடு முடிவதில்லை. வகுப்பறையில் பாடம் முடிந்ததும் ஆசிரியர் "விளங்கிற்றா?" என்று கேட்கிறார். மாணவர் அனைவரும் ஒரே குரலில் "விளங்கிற்று" என்கின்றனர். அக்குரல் செவிக்கு இனியது. மணியும் அடிக்கப் போகிறது. அந்த ஒலியை நம்பி அடுத்த பாடத்துக்குச் செல்லும் ஆசிரியர், கப்பல் புறப்படுவதை மனநிறைவோடு பார்த்து நின்ற முதலாளியை ஒத்தவர். கடைசி வரிசையில் தலை குனிந்திருப்பவனிடம் சென்று ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தல், பலகையைத் தட்டிப் பார்ப்பதைப் போன்றது. மந்தமான ஓசை வரலாம். போட்ட திட்டம் ஒரு நாள் பின்தங்கலாம். ஆனால், தேர்வு மண்டபத்தில் அம்மாணவன் தனியே அமர்ந்திருக்கும்போது ஆசிரியர் அருகில் இருக்கமாட்டார். அஃது அவனுடைய கடல். அங்கே அவன் துணிவோடு பாய் விரிக்க வேண்டுமானால், அவனுக்காக ஐயப்பட வேண்டியவர் கரையிலேயே ஐயப்பட்டிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். நம்புவதற்கு மனிதனுக்கு உரிமை உண்டு. அது பிறப்பால் வரும் உரிமையன்று, உழைப்பால் வரும் உரிமை. அடைப்பானைத் திறந்து, பலகையைத் தட்டி, வடத்தின் நுனியைத் தடவிப் பார்த்த கைக்கே அது சொந்தம். நம் கற்பனைத் தந்தை அன்றிரவு பிள்ளைகளிடம், "நாளை போகவில்லை, இரண்டு வாரம் பொறுங்கள், வாருங்கள், இந்தப் பலகையைச் சேர்ந்தே மாற்றுவோம்" என்று கூறியிருக்கலாம். பிள்ளைகள் சிறிது அழுதிருப்பர். பிறகு, உளுத்த மரத்தை விரலால் தொட்டுப் பார்த்திருப்பர். அவர்கள் பெற்றிருக்கக் கூடிய கடற்பயணங்கள் அனைத்திலும் அதுவே முதற்பயணமாக இருந்திருக்கும்.